மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ரஷ்ய மொழி ஆய்வுத்தலைப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: ஹைதராபாத்தில் ரஷ்ய மொழியில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருக்கிறேன். மேற்கோள் அதிகம் கிடைக்கக்கூடிய தலைப்பாக எடுக்கும்படி என் நெறியாளர் சொல்கிறார். ஆய்வுக்கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் பதிவு செய்யும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் தேடி, திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பட்டியலிட்டேன். மொழிப்பண்பாட்டியல் (சொற்களின் வழியே ஒரு மக்களின் பண்பாட்டை ஆராயும் துறை), அரசியல் சொல்லாடல், வெளிநாட்டவருக்கு ரஷ்ய மொழி கற்பித்தல் ஆகியவை மேலே நிற்கின்றன. 2013-க்குப் பிறகு கட்டுரைகளின் எண்ணிக்கையும் வேகமாக ஏறுகிறது. இந்தப் பட்டியலை நம்பித் தலைப்பை முடிவு செய்யலாமா? இந்தத் துறையில் யாருடைய தாக்கம் உண்மையானது என்று எப்படி அறிவது? 2022-க்குப் பிறகு இந்த ஆய்வுக்கு எதிர்காலம் உண்டா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் உழைத்துத் தயாரித்த பட்டியல் பயனற்றது என்று சொல்லமாட்டேன். எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எதைப் பற்றி அதிகம் எழுதுகிறார்கள் என்பதை அது ஓரளவு காட்டும். ஆனால், தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். ரஷ்ய மொழியியலில் பெருந்தாக்கம் செலுத்திய பணிகளில் பல, இந்த வகைத் தரவுத்தளங்களின் கண்ணில் சரியாகப் படாத இடத்தில் இருக்கின்றன. கண்ணில் படுகிற ஏற்ற இறக்கங்களில் பலவற்றுக்கோ மொழி ஆய்வுக்கு வெளியே இருக்கும் காரணங்கள் உண்டு.

முதலில் நீங்கள் குறிப்பிட்ட ஏற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 2012 மே 7 அன்று ரஷ்யக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஓர் ஆணை, வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் இடம்பெறும் உலக ஆய்வுக்கட்டுரைகளில் ரஷ்யாவின் பங்கு 2015-க்குள் 2.44 விழுக்காடாக உயர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2013-இல், ஐந்து ரஷ்யப் பல்கலைக்கழகங்களையாவது உலகத் தரவரிசையின் முதல் நூறு இடங்களுக்குள் கொண்டுவரும் நோக்குடன் '5-100' என்ற திட்டத்துக்குப் பல்கலைக்கழகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பல இடங்களில் ஆசிரியர்களின் ஊக்கத்தொகையும் பணி நீட்டிப்பும் இத்தகைய தரவுத்தளங்களில் அட்டவணையிடப்பட்ட கட்டுரைகளைச் சார்ந்தவையாயின. ஆய்விதழ்களும் அந்த அட்டவணைகளுக்குள் நுழைய முயன்றன. உலோகவியலில் எப்படியோ அப்படியே மொழியியலிலும் எண்ணிக்கை ஏறியது. இந்த அவசரத்தின் விளைவும் பின்னர் வெளிப்பட்டது: ரஷ்ய அறிவியல் கழகத்தின் ஆணையம் ஒன்று கருத்துத் திருட்டையும் ஒரே கட்டுரையைப் பல இதழ்களில் வெளியிடுவதையும் சுட்டிக்காட்டிய பின், ரஷ்ய ஆய்விதழ்கள் 800-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்ற செய்தி 2020 ஜனவரியில் வந்தது. ஆகவே, 2013-க்குப் பிந்தைய ஏற்றத்தில் எவ்வளவு பங்கு அறிவு வளர்ச்சிக்கு உரியது, எவ்வளவு பங்கு நிர்வாக ஆணைக்கு உரியது என்பதை வெறும் எண்ணிக்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

தேடும் முறையிலும் கவனம் வேண்டும். தரவுத்தளத்தில் 'மொழி: ரஷ்யன்' என்று வடிகட்டினால், ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட எல்லாம் வரும், உழவு முதல் அணுவியல் வரை. ரஷ்ய மொழியைப் பற்றி ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எழுதப்பட்டவை விடுபடும். இன்னொன்று, இதழ்ப் பெயர்கள். 'ரஷ்யன் லிங்க்விஸ்டிக்ஸ்' என்பது 1974 முதல் வெளிவரும், இப்போது ஸ்பிரிங்கர் பதிப்பிக்கும், ரஷ்ய மொழியையும் பிற ஸ்லாவிய மொழிகளையும் பற்றிய ஆய்விதழ். 'ரஷ்யன் ஜர்னல் ஆஃப் லிங்க்விஸ்டிக்ஸ்' என்பது மாஸ்கோவின் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் வெளியிடும் பொது மொழியியல் இதழ். அதில் ரஷ்ய மொழியோடு தொடர்பே இல்லாத சொல்லாடல் ஆய்வுகள் ஏராளம். இரண்டும் மதிப்புள்ள இதழ்கள்தாம். ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால், 'அரசியல் சொல்லாடல்' உங்கள் பட்டியலில் மேலே வந்து நிற்பதில் வியப்பில்லை.

ஆசிரியர் பெயர்களில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரிது. சிரிலிக் எழுத்திலிருந்து ரோமன் எழுத்துக்கு மாற்ற ஒரே முறை இல்லாததால், மாஸ்கோ மொழியியலாளர் யூரி அப்ரெஸ்யானின் பெயர் குறைந்தது மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கிறது. நீங்கள் ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டின் கீழ் உள்ள மேற்கோள்கள் தப்பிவிடும். ஸலிஸ்னியாக் என்ற பெயரிலோ குழப்பம் வேறு வகையானது. ஆந்திரேய் அனதோலியெவிச் ஸலிஸ்னியாக் என்பவரும் அவருடைய மகள் ஆன்னா ஆந்திரேயெவ்னா ஸலிஸ்னியாக் என்பவரும் இருவருமே புகழ்பெற்ற மொழியியலாளர்கள். இருவருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. இதனால்தான் மகள் தன் நூல்களில் 'ஆன்னா' என்பதை முழுமையாக எழுதிக் கையொப்பமிடுகிறார். முதலெழுத்துகளை மட்டும் பார்த்து எண்ணும் எந்தக் கணக்கும் தந்தையின் பணியையும் மகளின் பணியையும் ஒன்றாகக் கலந்துவிடும். நீங்கள் எடுத்த பட்டியலில் அந்தப் பெயரைத் திறந்து, முதல் இருபது கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

இனி, உண்மையான தாக்கம் எங்கே இருக்கிறது என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1977-இல் தந்தை ஸலிஸ்னியாக் 'ரஷ்ய மொழியின் இலக்கண அகராதி' என்ற நூலை வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்கள், கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அகரவரிசைப்படுத்தப்பட்டவை. அதில் பொருள் விளக்கம் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு குறியீடு மட்டும் உண்டு. 'க்னீகா' (புத்தகம்) என்ற சொல்லின் எதிரே பெண்பாலைக் குறிக்கும் ஓர் எழுத்து, 3 என்ற எண், 'அ' என்ற எழுத்து ஆகிய மூன்றும் நிற்கும். எண் 3, அடிச்சொல் 'க்' போன்ற பின்னண்ண ஒலியில் முடிவதைக் காட்டுகிறது; 'அ' என்பது எல்லா வேற்றுமை வடிவங்களிலும் அழுத்தம் அடிச்சொல்லிலேயே நிற்கும் என்பதைக் காட்டுகிறது. இந்த மூன்று குறிகளைக் கொண்டு, அந்தச் சொல்லின் ஒருமை பன்மை வேற்றுமை வடிவங்கள் அனைத்தையும், அழுத்தம் உட்பட, பிழையின்றி உருவாக்கிவிடலாம். கணினியால் அப்படியே படிக்கக்கூடிய வகையில் ஒரு மொழியின் உருபனியல் (சொல் வடிவங்களின் அமைப்பு) முழுவதையும் ஒருவர் தனியாக எழுதிவைத்தார் என்பதே இதன் பொருள். ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸ் பயன்படுத்திய சொற்பகுப்பி, எழுத்துப்பிழை திருத்திகள், மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் எனப் பலவும் இந்த அகராதியின் தோள்மீது நிற்கின்றன. ரஷ்ய மொழியில் தேடும் மனிதர்கள் அன்றாடம் இதன் பயனை அடைகிறார்கள். மேற்கோள் தரவுத்தளத்தில் அதற்கு ஒரு வரவும் விழுவதில்லை.

2004-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ரஷ்ய மொழியின் தேசியத் தரவகமும் (மொழிச் சான்றுகளின் பெருந்தொகுப்பு) இத்தகையதே. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, கவிதை, பழைய நூல்கள், இணைமொழிபெயர்ப்புகள் எனப் பல பிரிவுகளாக, இலவசமாகத் தேடக்கூடியதாக அது அமைந்திருக்கிறது. இன்று ரஷ்ய மொழியைப் பற்றி எழுதப்படும் நல்ல கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தத் தரவகத்திலிருந்து சான்று எடுத்திருக்கும். ஆனால் பலர் அதை அடைப்புக்குறிக்குள் ஓர் இணைய முகவரியாகக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவதால், உருவாக்கியவர்களின் பெயருக்கு மேற்கோள் சேர்வதில்லை. மாஸ்கோவில் அப்ரெஸ்யானின் வழியில் வந்தவர்கள் வாக்கிய அமைப்பைக் குறித்துவைத்த 'சின்தாக்ரஸ்' என்ற தொகுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. உலகில் வாக்கிய அமைப்பைப் பகுக்கும் பன்மொழி மென்பொருள்களைச் சோதிப்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பின்னால் உள்ள அறுபதுகளின் 'பொருளிலிருந்து உரைக்கு' என்ற கோட்பாட்டையும், அதை உருவாக்கி 1977-இல் மாண்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்த இகோர் மெல்ச்சுக்கையும் அவர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

காலக்கணக்கும் நமக்கு எதிராக இருக்கிறது. தாக்கக் காரணி என்று சொல்லப்படும் அளவு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை முறை மேற்கோளாகின என்பதைப் பார்க்கிறது. மருத்துவத்துக்கு அது பொருந்தலாம். ரஷ்ய வினைச்சொல்லைப் பற்றி ரோமான் யாக்கப்சன் 1957-இல் எழுதியதை இன்றும் எடுத்துப் பேசும் துறைக்கு இரண்டு ஆண்டு என்பது மிகச் சிறிய அளவு. கலை, மானுடவியல் அட்டவணையில் உள்ள இதழ்களுக்கு 2023 வரை, வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் தாக்கக் காரணி கொடுக்கவே இல்லை என்பதையும் உங்கள் நெறியாளருக்குச் சொல்லலாம்.

அப்படியானால் மேற்கோள் மிகுதியாகப் பெற்ற ரஷ்ய மொழி ஆய்வே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் இரண்டு தனித்தனி அடிப்படைச் சொற்கள் உள்ளன. இந்த எல்லையைக் கடக்கும் இரு நிறங்களை ரஷ்ய மொழி பேசுவோர் விரைவாக வேறுபடுத்துகிறார்கள் என்றும், மனத்துக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே செய்யும்படி பணித்தால் அந்த விரைவு மறைந்துவிடுகிறது என்றும் 2007-இல் அமெரிக்காவில் ஒரு குழு நடத்திய சோதனை காட்டியது. மொழி சிந்தனையைப் பாதிக்கிறதா என்ற பழைய விவாதத்தில் அந்தக் கட்டுரை இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. அதை மேற்கோள் காட்டுவோரில் பலர் உளவியலாளர்கள். அமெரிக்காவில் ரஷ்யக் குடும்பங்களில் பிறந்து, வீட்டில் மட்டும் ரஷ்ய மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்த மரியா பொலின்ஸ்கி, அவர்களில் மொழித்திறன் குறைந்தவர்களிடம் ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்ற மூன்று பிரிவு இரண்டாகச் சுருங்கி, அந்த இரண்டும் தமக்கென ஓர் ஒழுங்கோடு இயங்குவதைக் காட்டினார். வீட்டு மொழியை இழந்துகொண்டிருக்கும் எல்லாக் குடியேறிகளைப் பற்றியும் பேசுபவர்களுக்கு அது தேவைப்பட்டது. இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள்: ரஷ்ய மொழியின் ஒரு சிறு நுட்பத்தைத் துல்லியமாகப் பிடித்து, அதைக் கொண்டு ரஷ்ய மொழியே தெரியாதவருக்கும் தேவையான ஒரு கேள்விக்கு விடை தேடின. மேற்கோள் அதன் பின்னால் வந்தது.

உங்கள் பட்டியலின் முதலிடத்தில் உள்ள மொழிப்பண்பாட்டியலைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆன்னா வீஷ்பிட்ஸ்கா தொண்ணூறுகளில் எழுதியவையும், ஆன்னா ஸலிஸ்னியாக், லெவொன்தினா, ஷ்மெல்யோவ் மூவரும் சேர்ந்து செய்தவையும் நுட்பமான சொற்பொருள் ஆய்வுகள். ஆனால் அவற்றைப் பின்பற்றி எழுந்த அலையில், 'ரஷ்ய உணர்வில் அன்பு', 'ரஷ்ய உணர்வில் வீடு' என்று ஒரே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் குவிந்துவிட்டன. அகராதியிலும் பழமொழித் தொகுப்பிலும் இருந்து எடுத்ததையே மக்களின் மனம் என்று முடிவாகச் சொல்லும் சுற்றுவழி அவற்றில் அதிகம். அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொள்வதால் எண்ணிக்கை உயர்கிறது. அந்த அலையில் நீங்களும் ஒருவராகச் சேர்வதை நான் விரும்பவில்லை.

இன்று உயிர்ப்போடு இருக்கும் விவாதங்கள் வேறு. நார்வேயின் த்ரொம்ஸோ நகரில் லாரா ஜாண்டாவும் அவருடைய குழுவினரும், ரஷ்ய வினைச்சொல்லை முற்றுவினைநோக்காக (செயலை முழுமையடைந்த ஒன்றாகக் காட்டும் வடிவமாக) மாற்றும் முன்னொட்டுகளுக்குத் தனிப்பொருள் கிடையாது என்ற பழைய நம்பிக்கையை எதிர்த்து, 16 முன்னொட்டுகளையும் ஏறத்தாழ 2,000 வினைகளையும் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து 2013-இல் நூலாக்கினார்கள். தாங்கள் பயன்படுத்திய தரவுகளையும் யாரும் மறுசோதனை செய்யும்படி பொதுவில் வைத்தார்கள். எதிர்மறை வாக்கியத்தில் செயப்படுபொருள் எப்போது ஆறாம் வேற்றுமை போன்ற வடிவத்தையும் எப்போது இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. ரஷ்ய மொழி கற்பவர்களின் பிழைகளைத் தொகுக்கும் தரவகங்கள் வளர்கின்றன. செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகள் ரஷ்ய இலக்கணத்தை எந்த அளவு உள்வாங்கியுள்ளன என்று சோதிப்பவர்களும் பெருகிவருகிறார்கள்.

2022-க்குப் பிறகான நிலைமையை மென்மையாக்கிச் சொல்ல முடியாது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் மேற்கு நாடுகளின் பல பல்கலைக்கழகங்கள் ரஷ்ய நிறுவனங்களுடனான ஒத்துழைப்பை நிறுத்தின. ஆய்வாளர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 2022 மார்ச்சிலேயே ரஷ்ய அரசு, அயல்நாட்டு அட்டவணைகளில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் வெப் ஆஃப் சயின்ஸும், 2023 தொடக்கத்தில் ஸ்கோப்பஸும் ரஷ்ய நிறுவனங்களுக்கான அணுகலை முடித்துக்கொண்டன. அங்கே இப்போது 'வெள்ளைப் பட்டியல்' என்ற உள்நாட்டு இதழ்ப் பட்டியல் பயன்படுகிறது. எனவே 2022-க்குப் பிறகு எண்ணிக்கை இறங்கினால், அதையும் ஏற்றத்தைப் போலவே எச்சரிக்கையோடு படியுங்கள். அமெரிக்காவின் ஸ்லாவிய ஆய்வுச் சங்கம் 2023 மாநாட்டுக்கு 'காலனிய நீக்கம்' என்பதையே மையப்பொருளாக வைத்தது. மாஸ்கோவின் வழக்கை மட்டுமே ரஷ்ய மொழி என்று கொள்ளாமல், கஜகஸ்தானிலும் இஸ்ரேலிலும் ஜெர்மனியிலும் லாத்வியாவிலும் பேசப்படும் ரஷ்ய மொழியைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்ற குரல் முன்பே இருந்தது, இப்போது வலுத்திருக்கிறது. இது துறையின் முடிவாக எனக்குத் தெரியவில்லை. மையம் இடம்பெயர்கிறது. மாஸ்கோவிலும் இல்லாமல் பாஸ்டனிலும் இல்லாமல் இந்தியாவிலிருந்து எழுதும் ஒருவருக்கு இது பாதகமான நேரம் என்றும் நான் நினைக்கவில்லை.

உங்கள் தலைப்பைப் பற்றி ஒரு யோசனை சொல்கிறேன். ஏற்பதும் விடுவதும் உங்கள் உரிமை. ரஷ்ய ஏவல் வினையின் எதிர்மறையில் ஒரு நுட்பம் உண்டு. 'கதவைத் திறக்காதே' என்று தடுக்கும்போது 'நி அத்கிரிவாய்' என்று முற்றா வினைநோக்கு வரும். 'விழுந்துவிடாதே', 'மறந்துவிடாதே' என்று, கேட்பவரின் விருப்பத்துக்கு மாறாக நடந்துவிடக்கூடியதைப் பற்றி எச்சரிக்கும்போது 'நி உபதி', 'நி ஸபூத்' என்று முற்று வினைநோக்கு வரும். இந்த வேறுபாடு வெளிநாட்டு மாணவர்களை மிகவும் வருத்துவது. ஆனால் நான் மேலே கொடுத்த தமிழ் வாக்கியங்களை மீண்டும் பாருங்கள்: தடையில் 'திறக்காதே' என்று வெறும் வினை வந்திருக்கிறது, எச்சரிக்கையில் 'விடு' என்ற துணைவினை தானாகவே வந்து அமர்ந்திருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை. இலக்கண அமைப்பும் வேறு. ரஷ்ய மொழியில் ஒவ்வொரு வினையிலும் நோக்கைத் தேர்ந்தே ஆக வேண்டும். தமிழில் 'விடு' கட்டாயமில்லை. அப்படியிருந்தும் இந்த ஓரிடத்தில் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அப்படியானால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் இந்த ஓரிடத்தில் மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாகத் தடுமாறுகிறார்களா? வகுப்பில் ஆங்கிலத்தின் வழியாக ரஷ்ய மொழியைக் கற்பிப்பதால் அந்தச் சாதகத்தை இழக்கிறார்களா? இவற்றுக்குச் சோதனை மூலம் விடை காணலாம். ரஷ்யப் பக்கத்துச் சான்றுகள் தேசியத் தரவகத்தில் கிடைக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு, ரஷ்ய மொழியியலாளர் மிகாயில் அந்திரோனொவின் தமிழ் இலக்கணம் 1969-இல் சென்னையிலேயே ஆங்கிலத்தில் வெளியானது. துணைவினைகளைப் பற்றிப் பின்னர் வந்த ஆய்வுகளும் நிறைய உண்டு. மாணவர்களின் விடைகளை மட்டும் நீங்கள் திரட்ட வேண்டும். உங்கள் இடத்திலிருந்து அது எளிது. மாஸ்கோவிலோ த்ரொம்ஸோவிலோ இருப்பவருக்கு எளிதன்று. முடிவு எப்படி வந்தாலும், உறவில்லாத மொழிகளின் ஒற்றுமை கற்றலுக்கு உதவுமா என்று கேட்கும் எவருக்கும் அது பயன்படும்.

நெறியாளரிடம் பேசும்போது, மேற்கோளைப் பற்றிய அவருடைய அக்கறையைப் புறந்தள்ளிப் பேச வேண்டாம். உங்கள் எதிர்கால வேலைவாய்ப்பை நினைத்தே அவர் சொல்லியிருப்பார். 'ரஷ்யன் லிங்க்விஸ்டிக்ஸ்', 1952 முதல் வரும் 'வப்ரோசி யசிகஸ்னானியா' ஆகிய இரு இதழ்களிலிருந்தும் வினைநோக்கைப் பற்றிய சில அண்மைக் கட்டுரைகளை எடுத்து, அவற்றின் இறுதியில் உள்ள நூற்பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் திரும்ப வரும் நூல்களைத் தனியே எழுதி அவரிடம் காட்டுங்கள். துறையின் உண்மையான தாக்கத்தை அறிய நான் இன்றும் நம்பிப் பயன்படுத்தும் வழி அதுதான். கூகுள் ஸ்காலர் நூல்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால், சரிபார்ப்புக்கு ஸ்கோப்பஸோடு அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய மேற்கோள் அட்டவணையான ரின்ட்ஸ் 2005 முதல் இருக்கிறது. தரம் குறைந்த 344 இதழ்களை 2017-இல் அது நீக்கியது என்பதை நினைவில் வைத்து, அதன் உள்வட்டப் பட்டியலில் உள்ள இதழ்களை மட்டும் பொருட்படுத்துங்கள். 'கிபெர்லெனின்கா' என்ற திறந்த நூலகத்தில் முழுக்கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும். அங்கே எது எந்த இதழில் வந்தது என்று பார்த்தபின் படியுங்கள்.

வெளியீட்டைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென அந்த விதியை வைத்திருக்கிறதா என்பதை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். வைத்திருக்கவில்லை என்றால், முதல் இரண்டு ஆண்டுகளைத் தரவு திரட்டவும் ஒரு முன்னோட்டச் சோதனை நடத்தவும் செலவிடலாம். பணம் வாங்கிக்கொண்டு சில நாள்களில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில் எழுத வேண்டாம். முதல் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ரஷ்ய மொழியில் விரிவான சுருக்கம் ஒன்றைச் சேருங்கள். உங்கள் பெயரின் ரோமன் எழுத்துக்கூட்டலை முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்து, ஆர்க்கிட் எண் (ஆய்வாளரை அடையாளம் காட்டும் தனி எண்) ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, எல்லா இடத்திலும் அதே வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சோதனைத் தாள்களையும் பெயர் நீக்கிய விடைகளையும், மாணவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, த்ரொம்ஸோவின் மொழித் தரவுக் காப்பகம் போன்ற ஒரு திறந்த காப்பகத்தில் கட்டுரையோடு சேர்த்தே வையுங்கள்.